பின் கேட்டை ஏறிக் குதித்தவர்கள்

வீட்டில் இருப்பது ஒரே ஒரு படி. அதுவும் வாசலில், நடக்கப் பழகும் குழந்தைகூடத் தாண்டிவிடுகிற உயரம். அந்தப் படியில் தடுக்கி விழுந்துதான் கணுக்கால் வீங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்பா நம்பினார். மகள் நம்பவில்லை.

மகளுக்கு வீட்டில் 'வக்கீல்' என்று பெயர். சட்டமெல்லாம் படித்தவள் இல்லை. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்பாள், பதில் சொன்னால் "அப்புறம்?" என்பாள். சின்ன வயதில் அப்பா வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இப்போது சமுதாயக் கல்லூரியில் மாணவர் உதவி மையத்தின் பொறுப்பாளர். அதே கல்லூரியின் முன்வாசலில் அப்பா காவலர். பகல் முழுக்கச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிற அம்மா, அதே கல்லூரியின் மாலை வகுப்பில் வீட்டு மின்வேலை படிக்கிறாள்.

"ஒரு குடும்பமே காலேஜை வளைச்சுப் போட்டுடுச்சு" என்று கேன்டீன்காரர் சொல்வார். அதில் பாதி கிண்டல், பாதி வயிற்றெரிச்சல்.

வக்கீல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரே விஷயத்துக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பு முடிகிறவரை உதவி மையம் திறந்திருக்க வேண்டும். கடைசி பஸ் போகிறவரை பின் கேட்டும் திறந்திருக்க வேண்டும். அங்கே ஒரு விளக்கு, ஒரு காவலர். அவ்வளவுதான். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தம் பின் கேட்டை ஒட்டி இருக்கிறது. ஆனால் இருட்டத் தொடங்கியதும் அந்தக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் முன்வாசல் வழியாக வெளியே போய், கிடங்குச் சுவரை ஒட்டிய சந்தில் நடந்து, பாதி ஊரைச் சுற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு வர வேண்டும். சந்தில் விளக்கு கிடையாது. பைக்கைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறவர்கள் பெண்களிடம் மணி கேட்பதற்காக நிற்பதில்லை.

பதிவாளர் இரண்டு காரணம் சொல்லி இதைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒன்று, இதுவரை ஒரு அசம்பாவிதம்கூட நடந்ததில்லை. இரண்டு, மாலையில் நடந்து போகிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். மற்றவர்களை வீட்டார் வண்டியில் வந்து கூட்டிப்போய்விடுகிறார்கள். இரண்டுக்கும் அவர் காட்டிய சாட்சி ஒரே ஆள்.

வக்கீலின் அப்பா.

இன்று பிற்பகல் பாதுகாப்புக் குழுவின் கூட்டம். இன்றும் தள்ளிப்போனால், அடுத்த கல்வியாண்டில்தான் மறுபடி வாயைத் திறக்க முடியும்.

"இன்னைக்கு ஒரு நாள் வகுப்புக்கு லீவு போட்டுடேன்," என்றார் அப்பா, பெல்ட்டின் பித்தளை வளையத்தைத் துணியால் தேய்த்தபடி. "காலைப் பாரு, பன்னு மாதிரி இருக்கு."

"இன்னைக்கு ரெண்டு வழி ஸ்விட்ச். மாடிப்படி விளக்குக்குப் போடுறது. விட்டா பிடிக்க முடியாது," என்றாள் அம்மா.

"மாடியே இல்லாத வீட்டுக்கு மாடிப்படி விளக்கு எதுக்கு?"

"மாடியை நீங்க கட்டுங்க. விளக்கை நான் போடுறேன்."

"ஒரு படிக்கே இந்த நிலைமை," என்றாள் வக்கீல், தேநீர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே. "மாடிப்படி வேறயா?"

அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. வக்கீல் அதைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. வளையத்தில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க. பதிவாளரே கேட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனார். 'உங்க சேவையைப் பத்திப் பேசணும்'னார்."

"எதுக்குக் கூப்பிடுறார்னு தெரியுமாப்பா?"

"பாராட்டத்தான்."

"உங்களைப் பாராட்டி என்னை உட்கார வைக்க."

அப்பா துணியை மடித்து வைத்தார். "தெரியும்மா. நான் முட்டாள் இல்ல. நீ உன் கட்சியைச் சொல்லு, என்னைக் கேட்டா நான் என் கட்சியைச் சொல்றேன். வீடு வேற, வேலை வேற. என் கேட்டுல இத்தனை வருஷமா ஒரு ஆணி காணாமப் போகல. அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?"

அது உண்மைதான். ஒருமுறை பட்டறையிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் மொத்தமாகக் களவு போயின. பின் கேட்டு வழியாகத்தான் போயிருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அப்பாதான், இருட்டியதும் அதைப் பூட்டிவிடலாம் என்று யோசனை சொன்னதும் அப்பாதான். பதிவாளர் அதை உத்தரவாகவே போட்டார். அன்றிலிருந்து கல்லூரியில் ஒரு திருகாணிகூட வெளியே போகவில்லை. வருடா வருடம் அப்பாவை மேடையேற்றிக் கை தட்டினார்கள்.

கம்பிச் சுருள் பத்திரம். சுருளைப் பிடித்து வேலை கற்கிறவள் எந்தச் சந்தில் போனால் என்ன? வக்கீலுக்கு இதை நினைக்கும்போதெல்லாம் காது மடல் சூடாகும். ஆனால் இதை அப்பாவிடம் அப்படியே சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்ததில்லை. எதற்கும் எழுகிற நாக்கு அது.

காலையில் உதவி மையத்தின் கதவைத் திறந்ததுமே ஒட்டகம் வந்து நின்றாள்.

ஒட்டகம், அம்மாவின் வகுப்பில் படிக்கிற பெண். உயரத்துக்குப் பாதி, எதையும் அசைபோட்டு அசைபோட்டுச் சொல்கிற பழக்கத்துக்குப் பாதி என்று வகுப்பு வைத்த பெயர் அது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள்.

"மேடம், என் பேரை எடுத்துடுங்க. நான் நின்னுக்கிறேன்."

"உட்காரு. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஏன்?"

"வீட்ல பயப்படுறாங்க."

"எதுக்கு?"

ஒட்டகம் அசைபோட்டாள். "அந்தம்மாவுக்கே அப்படி ஆச்சுன்னா உனக்கு ஆகாதான்னு கேக்குறாங்க."

"எந்தம்மாவுக்கு?"

மறுபடி அசை. மேசைமேல் இருந்த பசை டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

"உங்கம்மாவுக்கு, மேடம்."

வக்கீல் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டாள். "வா, காட்டு."

பின் கேட்டு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். மேலே வரிசையாகக் கூர்க்கம்பிகள். ஒரு மூலையில் அந்தக் கம்பிகளுக்குமேல் சாக்கை நாலாக மடித்துச் சொருகி வைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குப்பை ஏதோ காற்றில் வந்து மாட்டிக்கொண்டது என்றுதான் தோன்றும். சாக்குக்குக் கீழே, கேட்டோடு சேர்த்துக் கட்டிய இரும்புப் பலகை. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை' என்று கல்லூரி எழுதி மாட்டியது. அதன் கீழ்ச்சட்டத்தில் கால் வைத்துத்தான் ஏறுகிறார்கள். செருப்புப் பட்டுப் பட்டு 'கடமை' பாதி அழிந்திருந்தது.

வக்கீல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தினமுமா?"

"வகுப்பு இருக்கிற அன்னைக்கெல்லாம். ஒருத்தர் பையெல்லாம் வாங்கிக் கம்பி இடுக்குல விடுவாங்க. ஒருத்தர் உங்கப்பா ரவுண்டுல எங்க இருக்கார்னு பார்ப்பாங்க. அவர் முன்பக்கம் திரும்பினதும் ஒவ்வொருத்தரா ஏறிடுவோம். உங்கம்மாதான் கடைசி. எல்லாரையும் ஏத்தி விட்டுட்டுத்தான் அவங்க ஏறுவாங்க. அன்னைக்கு பஸ்காரன் ஹாரனை அடிச்சிட்டான். அவசரத்துல பையோட வார் கம்பியில மாட்டி, அந்தப் பக்கம் தொப்புனு..."

"சந்துல போயிருக்கலாமே. அப்படித்தான் ஆபீஸ் சொல்லுது."

"ஆபீஸை ஒருநாள் போகச் சொல்லுங்க மேடம்."

வக்கீலுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "அப்பாகிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல? அவரை 'அண்ணே அண்ணே'ங்கிறீங்க எல்லாரும்."

"அதனாலதான் சொல்லல. சொன்னா திறந்துடுவார். திறந்தா பதிவாளர் அவரை விட்டுவைப்பாரா? தெரியாம இருக்கிறவரைக்கும் அவருக்கு ஒண்ணும் இல்ல. உங்கம்மா போட்ட திட்டம் அது."

"வண்டியில போறீங்கன்னு அவர் நினைச்சிட்டிருக்கார். அது யார் போட்ட திட்டம்?"

ஒட்டகம் தரையைப் பார்த்தாள். "எங்கண்ணன் காருல இறக்கி விடுறான்னு உங்கம்மா வீட்ல சொல்லி வச்சிருக்காங்களாம்."

"உனக்கு அண்ணன் இருக்கானா?"

"இல்ல மேடம். எங்க வீட்ல நாங்க எல்லாமே பொண்ணுங்க."

வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டபோது பின்னணியில் சலவைக் கூடத்தின் நீராவி சீறியது.

"அம்மா, நம்ம வீட்டுப் படியில கூர்க்கம்பி எப்ப வச்சாங்க?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த ஒட்டகத்துக்கு வாயில பூட்டு போடணும்," என்றாள் அம்மா.

"பூட்டு போட்டது போதும். ஏம்மா இப்படிப் பண்ணின?"

"வேற எப்படிடி பண்ணுறது? வகுப்புல சேர்ந்த புதுசுல அந்த மனுஷன் என்னைச் சந்து வழியா பஸ்ல ஏத்தி விட வந்தார். மறுநாள் பதிவாளர் எல்லார் முன்னாடியும் நிக்க வச்சுக் கேட்டார். 'கேட்டை விட்டுட்டுப் பொண்டாட்டிக்குத் துணை போறதுக்கா உனக்குச் சம்பளம்?'னு. இவர் வீட்டுக்கு வந்து அதைப் பத்தி மூச்சு விடல. மத்தவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்னைக்குத்தான் அண்ணனைக் கண்டுபிடிச்சேன். அவர் ரவுண்டு போற நேரத்துல கார் வந்து கூட்டிட்டுப் போயிடுதுன்னதும் அவருக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? 'பரவால்ல, எல்லாப் பொண்ணுங்களையும் வீட்ல இருந்து வந்து கூட்டிட்டுப் போறாங்கபோல'ன்னு அவரா முடிவு பண்ணிக்கிட்டார்."

வக்கீலுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அம்மா ஒரு பொய் சொன்னாள். அப்பா அந்தப் பொய்யைப் பெருக்கி அலுவலகத்தில் சொன்னார். அலுவலகம் அதை எடுத்துக்கொண்டு, மாலையில் ஆளே இல்லை, உனக்கு எதற்கு விளக்கு என்று அவளையே கேட்டது. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, இருட்டில் நடக்கிற அத்தனை பெண்களையும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இப்படி ஒரு கோமாளித்தனத்தை இந்தக் குடும்பத்தால் மட்டும்தான் இவ்வளவு பாசத்தோடு செய்ய முடியும்.

"இன்னைக்குக் கூட்டத்துல 'நடந்த சம்பவம் ஒண்ணைக் காட்டு'ன்னுதான் கேக்கப் போறாங்க. என்கிட்ட இருக்கிறது உன் கால் ஒண்ணுதான்."

"என் காலை எடுத்துக் கூட்டத்துல வைக்காதே. அவருக்கு அந்த கேட்டுதான் மானம், மரியாதை எல்லாம்."

"உனக்கு?"

"இஸ்திரி காயுது," என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

கூட்ட அறையில் நீள மேசை. முதல்வரம்மா நடுவில். அவருக்கு வலப்பக்கம் பதிவாளர். ஓரத்தில் ஒரு நாற்காலியில் அப்பா, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, புகைப்படம் எடுக்கப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பதிவாளர் அப்பாவைப் புகழ்ந்தார். ரொம்ப நேரம் புகழ்ந்தார். குரலில் தேன் வழிந்தது.

"இப்படி ஒரு காவலர் இருக்கிற இடத்துல, பாதுகாப்புல குறைன்னு சொல்றது அவரை அவமானப்படுத்துற மாதிரி," என்று முடித்தார். "அதுவும் அவர் மகளே சொல்றது."

எல்லாரும் வக்கீலைப் பார்த்தார்கள். அப்பா தொப்பியைப் பார்த்தார்.

வக்கீல் எழுந்தாள். "காவலர் மேல குறை சொல்ல வரல, சார். கேட்டுக்கு உள்ள அவர் பார்த்துக்கிறார். கேட்டுக்கு வெளியே சந்து இருக்கு, அதை யார் பார்த்துக்கிறா? படிக்க வர்ற பொம்பளை வீடு போய்ச் சேர்றதும் இந்தக் கல்லூரியோட பொறுப்புதான். பாடம் நடத்திட்டு இருட்டுல தள்ளி விடுறதுக்குப் பேரு கல்வி இல்ல."

"ரொம்ப அழகா பேசுறீங்க. ஒரு சம்பவம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

வக்கீலின் வாய் திறந்தது. ஓரத்து நாற்காலியில் அப்பாவின் பித்தளை வளையம் மின்னியது. ஒரு வாக்கியம் போதும், அவள் ஜெயித்துவிடுவாள். ஆனால் அந்த வாக்கியம் அவளுடையது இல்லை.

"சம்பவம் இருக்கு. அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்ல."

"வேற யாருக்கு?" என்று கேட்டார் முதல்வரம்மா.

"விழுந்தவங்களுக்கு."

பதிவாளர் சிரித்தார். "விழுந்தவங்க வரட்டும், அப்புறம் பேசலாம். அடுத்த விஷயத்துக்குப் போவோமா?"

கதவு திறந்தது. இஸ்திரிக் கறை படிந்த மேலங்கியோடு அம்மா நின்றாள். பின்னால் ஒட்டகத்தின் தலை, நிலையில் இடிக்காமல் குனிந்தபடி தெரிந்தது. எவ்வளவு நேரமாக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களோ தெரியவில்லை.

"மாலை வகுப்பு மாணவி. உள்ள வரலாமா?"

அப்பா சட்டென்று எழுந்தார். தொப்பி தரையில் விழுந்தது.

"நீங்க காவலரோட மனைவிதானே?" என்றார் பதிவாளர்.

"அது வீட்ல. இங்க நான் ஃபீஸ் கட்டிப் படிக்கிறவ." அம்மா நொண்டிக்கொண்டே மேசை வரை வந்தாள். யாரோ நாற்காலி நகர்த்தினார்கள்; அவள் உட்காரவில்லை. "சம்பவம் கேட்டீங்களாமே. பின் கேட்டை ஏறிக் குதிச்சப்ப விழுந்தேன். நான் மட்டும் இல்ல, எங்க வகுப்புப் பொம்பளைங்க அத்தனை பேரும் ஏறிக் குதிச்சுத்தான் பஸ் பிடிக்கிறோம். சந்துல ஒருத்தன் இந்தப் பொண்ணோட கையைப் பிடிச்சு இழுத்தான். இவ அவன் மூஞ்சியில டெஸ்டரால குத்திட்டு ஓடி வந்தா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போறதில்ல. எங்களை யாரும் கணக்குல எடுக்கல, ஏன்னா எங்களை யாரும் பார்க்கல. பார்க்காத மாதிரி நாங்கதான் பண்ணினோம். அது எங்க தப்பு. ஆனா கேட்டு ஏறுற வயசா எனக்கு?"



"கார்?" என்றார் அப்பா.

"காரே கிடையாதுங்க."

"இந்தப் பொண்ணோட அண்ணன்?"

"அண்ணனும் கிடையாது."

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். அப்பா சிரிக்கவில்லை. குனிந்து தொப்பியை எடுத்தார், தூசி தட்டினார், தலையில் வைத்தார். அப்புறம் முதல்வரம்மாவைப் பார்த்துப் பேசினார்.

"அம்மா, கேட்டுல நான் பார்க்காதவங்க எல்லாம் வண்டியில போறாங்கன்னு ஆபீஸ்ல சொன்னது நான்தான். பார்த்துச் சொல்லல, நினைச்சுச் சொன்னேன். காவலுக்கு நிக்கிறவன் அப்படிச் சொல்லக் கூடாது. நான் சொன்னதை அடிச்சிடுங்க. இவங்க சொல்றதை எழுதிக்குங்க."

வக்கீல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வருடா வருடம் மேடையில் கை தட்டியவர்களில் ஒருத்தருக்காவது, கை தட்ட வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தட்டவில்லை. தட்டினால் அழுதுவிடுவாள், அழுதால் பதிவாளர் பார்த்துவிடுவார்.

முதல்வரம்மா நேரம் கடத்தவில்லை. கடைசி பஸ் போகிறவரை பின் கேட்டு திறந்திருக்கும், இன்றிலிருந்தே. உதவி மையம் மாலை வகுப்பு முடிகிறவரை. விளக்குக்கு மின்வேலைப் பிரிவே ஏற்பாடு செய்யட்டும். சந்தைப் பற்றி நகராட்சியிடம் அவரே பேசுவார்.

ஒட்டகம் அம்மாவின் பின்னால் வந்து நின்று முதுகைக் கிள்ளினாள்.

"நல்லது," என்றார் பதிவாளர். தேன் தீர்ந்திருந்தது. "ஆனா இப்ப இது பதிவாகிற சம்பவம் ஆயிடுச்சு. அறிக்கை வேணும். விதிப்படி மாணவர் உதவி மையம்தான் எழுதணும். யார் பொறுப்புன்னு தெளிவா இருக்கணும். மாணவி விதியை மீறினதா, காவலரோட கவனக் குறைவா? மாணவின்னா படிப்பு நிறுத்தி வைப்பு. காவலர்னா தற்காலிகப் பணி நீக்கம், விசாரணை." வக்கீலின் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள என் மேசைக்கு வரணும்."

முதல்வரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "விதி அப்படித்தான் இருக்கு," என்றார் மெதுவாக.

உதவி மையத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆலோசனைக்கு வருகிறவர்களுக்கான நாற்காலிகளில் அப்பாவும் அம்மாவும். எதிரே கணினிக்கு முன்னால் வக்கீல். வீட்டில்கூட இப்படி நேருக்கு நேர் உட்கார்ந்தது இல்லை.

"அண்ணனுக்குப் பேரு வேற வச்சிருந்தே," என்றார் அப்பா, அம்மாவைப் பார்க்காமல். "நல்லா இருக்கானான்னு நான் அடிக்கடி விசாரிப்பேன். 'ம், இருக்கான்'பே."

"நீங்க விசாரிக்க விசாரிக்க எனக்கே பாசம் வந்துடுச்சுங்க."

அப்பாவின் மீசை கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான், அந்த விவகாரம் அங்கேயே முடிந்தது. பிறகு அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"என்ன எழுதப் போறே?"

"ரெண்டு பேருமே தப்பு இல்லன்னு."

"அது பொய்."

"அப்பா..."

"பூட்டலாம்னு யோசனை சொன்னவன் நான். சாமானை நினைச்சுச் சொன்னேன், ஆளை நினைக்கல. என் பொறுப்பை எழுது. என்னைக் காப்பாத்துறதுக்காக நான் உன்னைப் படிக்க வைக்கல."

"ஏறினது நான்," என்றாள் அம்மா. "அதையும் எழுது. மத்தவங்களையும் நான்தான் ஏறச் சொன்னேன். அவங்க பேரை மட்டும் சேர்க்காதே, பரீட்சை இருக்கு."

"உனக்கும்தான் பரீட்சை இருக்கு."

"எழுதுவேன். நிறுத்தி வச்சா அடுத்த தடவை எழுதுவேன். ரெண்டு வழி ஸ்விட்ச் எங்கயும் ஓடிப் போயிடாது."

வக்கீல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். இன்னொருத்தி பள்ளிக்கூடப் பக்கமே அனுப்பப்படாதவள். 'என் தப்பை எழுது' என்று அடம்பிடித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஏதோ பரிசுக்குப் பெயர் கொடுக்கிற மாதிரி. இவர்களுக்குப் பிறந்தவள் நான் என்று அவளுக்குத் திமிராக இருந்தது. அந்தத் திமிரோடுதான் விசைப்பலகையை இழுத்தாள்.

"சரி, எழுதுறேன். ஆனா இதுல இன்னொரு ஆள் விட்டுப்போகுது."

"யாரு?"

"யோசனை சொன்னது நீங்க. உத்தரவு போட்டது யாரு? திறக்கச் சொல்லி நான் கேட்டப்பல்லாம் முடியாதுன்னது யாரு? துணைக்குப் போன ஆளை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சது யாரு?"

அப்பா கதவைப் பார்த்தார், திறந்திருக்கிறதா என்று. "உன் வேலை இன்னும் உறுதியாகலையேம்மா."

"வீடு வேற, வேலை வேறன்னு காலையில யாரோ சொன்னாங்க."

அம்மா மேலங்கியைக் கழற்றி மடித்தாள். "எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு," என்று எழுந்து, நொண்டியபடி போனாள்.

வகுப்பு முடிந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. வக்கீல் பட்டறைச் சுவரோரம் நின்று பார்த்தாள். அப்பா பின் கேட்டை இரண்டு கதவும் அகலத் திறந்து வைத்து, பக்கத்தில் டார்ச் விளக்கோடு நின்றிருந்தார். பெண்கள் வந்தார்கள். பழக்க தோஷத்தில் ஒருத்தி பையை வாங்கக் கையை நீட்டினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். சாதாரணமாக நடந்து, சாதாரணமாக வெளியே போனார்கள். அவ்வளவு பேர் இருந்தார்கள். நிறுத்தம் நிரம்பிவிட்டது. அப்பா ஒவ்வொரு முகமாக டார்ச் வெளிச்சத்தைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இத்தனை பேரா?' என்று அவர் உதடு முணுமுணுத்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கடைசியாக அம்மா. கேட்டைத் தாண்டும்போது நின்றாள்.

"எங்க வீட்டுக்காரர்," என்றாள் நிறுத்தத்தில் நின்றவர்களிடம். அவர்கள் தினமும் பார்க்கிற மனுஷனைத்தான் புதிதாக அறிமுகம் செய்து வைத்தாள். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. டார்ச்சைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

வக்கீல் அதற்குமேல் நிற்கவில்லை. அறிக்கையை அச்செடுத்து, முதல்வரம்மாவுக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, மற்றொன்றை எடுத்துக்கொண்டு பதிவாளரின் அறைக்குப் போனாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க."

"நிக்கிறேன், சார்."

அவர் படித்தார். முதல் பத்தியில் தலையாட்டினார், காவலர். இரண்டாம் பத்தியிலும் தலையாட்டினார், மாணவி. இரண்டு பேர் பொறுப்பும் ஒளிவு மறைவு இல்லாமல் இருந்தது. மூன்றாம் பத்தியில் தலை நின்றது. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு தாளைக் கீழே வைத்து, அதன்மேல் கையையும் வைத்தார்.

"உங்க நியமனத்தை உறுதி பண்ற கோப்பு இன்னும் இந்த மேசையிலதான் இருக்கு. தெரியும்ல?"

"தெரியும் சார்," என்றாள் வக்கீல். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சே படிங்க."